கொங்கு நாட்டில் அயல்நாட்டு வெள்ளி நாணயங்கள்

சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் அமைந்துள்ளது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கி, பின்னர் பிற நிறுவனங்களும் தொடர்ந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கற்கள் செய்த பட்டறைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானையோடுகளும் வெளிப்பட்டன. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பெரில் என்னும் பச்சைக்கல்லுக்கு உரோமில் பெரும் கிராக்கி இருந்தது. கல் மேற்கே போயிற்று. அதற்கு ஈடாக வெள்ளி வந்தது.

அந்த வெள்ளி டெனாரியஸ் என்னும் உரோமை நாணயமாகவே வந்து சேர்ந்தது. 1842இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் 522 டெனாரியஸ்கள் கிடைத்தன. கொடுமணலுக்கு அருகிலுள்ள கத்தாங்கண்ணியில் 1913இல் 233, உடுமலைப்பேட்டைப் பகுதியின் பூதிநத்தத்தில் 1946இல் 1,398. இப்புதையல்களில் மிகுதியாகக் காணப்படுபவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் காசுகள். இதற்கு ஒரு காரணம் உண்டு. கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் டெனாரியஸின் எடையையும் வெள்ளித் தூய்மையையும் குறைத்தான். வெள்ளிக்காகவே காசு வாங்கியவர்கள் பழைய காசையே விரும்பியிருக்க வேண்டும். இலங்கை மன்னன் ஒருவன், வெவ்வேறு தலை பொறித்த டெனாரியஸ்கள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்ததாகப் பிளினி எழுதியுள்ளார். கதை மெய்யோ பொய்யோ, காசை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் இங்கு இருந்தது என்பதை அது காட்டுகிறது.

இந்தச் செய்திகளைத் தனி நாணயம் ஒன்று சொல்வதில்லை. எந்த ஊரில், எந்தப் பானையில், எந்தக் காசுகளோடு அது இருந்தது என்ற பதிவுதான் சொல்கிறது. புதையலைப் பங்கிட்டு உருக்கிவிட்டால் வெள்ளி மிஞ்சும், வரலாறு போய்விடும்.

அமெரிக்க வெள்ளி டாலருக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. அதற்குக் காரணமாக இருந்தது இந்தியா என்பது பலர் அறியாத செய்தி. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் காகிதப் பணத்தைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்போர் பெருகினர். அரசின் கையிருப்பு கரைந்தது. 1917 நவம்பர் 30இல் ஒரு ரூபாய்த் தாளும், 1918 சனவரியில் இரண்டரை ரூபாய்த் தாளும் வெளியிடப்பட்டன. அவையும் போதவில்லை. பிரிட்டன் அமெரிக்காவிடம் வெள்ளி கேட்டது. 1918 ஏப்ரல் 23இல் பிட்மன் சட்டம் நிறைவேறியது. அதன்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. ஏறத்தாழ 25 கோடியே 91 இலட்சம் டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அது பம்பாய், கல்கத்தா நாணயச் சாலைகளில் ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த ரூபாயானது. டாலர் ஒன்றில் சுமார் 24 கிராம் தூய வெள்ளி, ரூபாயில் சுமார் 10.7 கிராம். ஆக, ஒரு டாலருக்கு இரண்டேகால் ரூபாய் என்று கொள்ளலாம்.

உருக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி 1878 முதல் 1904 வரை அச்சிடப்பட்ட மார்கன் டாலர்கள். எந்த ஆண்டு, எந்த நாணயச் சாலைக் காசு எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு எழுதவில்லை. எனவே அச்சிட்ட எண்ணிக்கையைக் கொண்டு இன்று ஒரு காசின் அருமையை அளவிட முடிவதில்லை. 1895இல் ஃபிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கு 12,000 டாலர் அச்சிட்டதாகப் பதிவேடு கூறுகிறது. அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சேகரிப்பாளருக்காகத் தனியே அச்சிட்ட 880 மட்டுமே அறியப்படுகின்றன. உருகிப் போனவையா, பதிவே பிழையா என்ற விவாதம் முடியவில்லை.

எஞ்சிய டாலர்களின் விலையை இன்று தரச்சான்று தீர்மானிக்கிறது. 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 70 புள்ளி அளவுகோலை ஒட்டி, 1980களில் தோன்றிய அமெரிக்க நிறுவனங்கள் காசை மதிப்பிட்டு நெகிழிப் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. தேய்மானமும் கீறலும் புள்ளியைக் குறைக்கும். உரோமைக் காசுக்கு இப்பார்வை பொருந்தாது. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 உரோமைப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் மேல் பேரரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு உள்ளது. சேகரிப்பாளருக்கு அது குறை. ஆய்வாளருக்கோ, காசு இந்தியாவில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்கான சான்று.

கொங்கு நிலத்தில் ஏர் முனையில் தட்டுப்படும் காசுகளை விற்கச் சட்டம் இடம் தரவில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. 1918, 1919ஆம் ஆண்டு பொறித்த ரூபாய்கள் இப்போது அந்த நூறாண்டைக் கடந்துவிட்டன. ஆனாலும் பழைய வெள்ளிக் கடைகளில் அவை பெரும்பாலும் எடைக்கே போகின்றன.