அழித்தாலும் இடம் தராத பெட்டிகள்

கையடக்கக் கணினியில் மெமரி கார்டு வந்த கதையைப் பலரும் பாம் கருவிகளிலிருந்துதான் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். பாம் எம்500-ல் எஸ்டி கார்டு செருக வழி வந்தது 2001-ல். அதற்கு 17 வருஷம் முன்பே, டேவிட் பாட்டர் லண்டனில் தொடங்கிய சயான் நிறுவனம் ‘ஆர்கனைசர்’ என்ற கருவியைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. திரையில் ஒரே வரி, 16 எழுத்து. முதுகுப்பக்கம் இரண்டு பொந்துகள். அவற்றில் செருகும் தீப்பெட்டி போன்ற சமாச்சாரத்துக்கு டேட்டாபேக் என்று பெயர்.

பழைய கருவிகளை வாங்கிச் சேர்க்கிற பைத்தியம் எனக்கு உண்டு. அதில் இந்த டேட்டாபேக் மீது தனிப் பிரியம். உள்ளே இருப்பது ஈப்ராம் சில்லு. இன்டெலில் டோவ் ஃப்ரோமன் 1971-ல் உருவாக்கிய வகை. மின்சாரத்தால் அதில் எழுதலாம், ஆனால் அழிக்க முடியாது. புற ஊதா ஒளி பட்டால்தான் உள்ளே சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் வெளியேறும். அப்போதும் வேண்டியது, வேண்டாதது என்ற பேதம் கிடையாது, மொத்தமும் போய்விடும்.

இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. நண்பரின் தொலைபேசி எண்ணை நீக்கினால், ‘இது நீக்கப்பட்டது’ என்ற அடையாளம் மட்டும் விழும். எண் அங்கேயே கிடக்கும், இடமும் திரும்பி வராது. ஒரு பெயர், முகவரிக்கு 60 எழுத்து என்று வைத்தால், 8 கேபி பேக்கில் சுமார் 130 பேரை எழுதலாம். ஆனால் நண்பர் மூன்று முறை வீடு மாறினால் நான்கு பேரின் இடத்தை அவர் ஒருவரே அடைத்துக்கொள்வார். பேக் நிரம்பியதும், தேவையானதை மட்டும் அடுத்த பொந்திலுள்ள பேக்குக்கு நகலெடுத்துவிட்டு, பழையதை ‘ஃபார்மேட்டர்’ என்ற புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பேக்கின் பழைய சொந்தக்காரர், பல் டாக்டரைப் பார்க்கும் தேதியை மாற்றி மாற்றிக் குறித்திருக்கிறார். அவர் நீக்கிய தேதிகளெல்லாம் வரிசையாக இன்னும் இருக்கின்றன. மனிதர் கடைசியில் போனாரா என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை.

1986-ல் வந்த ஆர்கனைசர் 2 நன்றாக விற்றது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில்கூட அது புழங்கியது.

எந்தக் கார்டை வாங்குவது என்ற உண்மையான தலைவலி 1991-ல் வந்த சயானின் அடுத்த கையடக்கக் கணினி சீரிஸ் 3-ல்தான். அதற்கான கார்டுகளை எஸ்எஸ்டி (சாலிட் ஸ்டேட் டிஸ்க்) என்றார்கள். அதிலே இரண்டு ஜாதி. ரேம் கார்டில் நினைத்தபோது எழுதலாம், அழிக்கலாம், இடமும் உடனே திரும்பும். ஆனால் அதன் உயிர் உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரியில். அது தீர்ந்தால் எல்லாம் காலி. ஃபிளாஷ் கார்டுக்குப் பேட்டரி வேண்டாம், விலையும் மலிவு; ஆனால் டேட்டாபேக்கின் அதே பிடிவாதம். இடம் வேண்டுமென்றால் முழுசாக ஃபார்மேட் செய்ய வேண்டும். விளக்குப் பெட்டி தேவைப்படவில்லை என்பதுதான் முன்னேற்றம். விவரம் தெரிந்தவர்கள் தினமும் மாறும் டயரியை ரேமிலும், அகராதி, முடிந்த வருஷத்துக் கணக்கு போன்றவற்றை ஃபிளாஷிலும் வைத்தார்கள். பெரிய கார்டு வாங்குவதைவிட இந்தப் பிரிவினைதான் அதிகம் பயன் தந்தது என்பேன்.

1997-ல் சீரிஸ் 5 வந்தபோது சயான் தன் சொந்தக் கார்டைக் கைவிட்டு, சான்டிஸ்க் 1994-ல் கொண்டுவந்த காம்பாக்ட் ஃபிளாஷுக்கு மாறியது. அந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. எங்கே எழுதுவது, எந்தப் பகுதியை எப்போது துடைப்பது என்பதை அதுவே பார்த்துக்கொண்டது. கணினியிடம் தன்னைச் சாதாரண வட்டு என்று சொல்லிக்கொண்டது. ரேமா, ஃபிளாஷா என்ற கேள்வியே அதோடு போயிற்று. கார்டு வாங்கப் போனவருக்கு மிஞ்சியது கொள்ளளவும் விலையும்தான்.

ஃபிளாஷின் குணம் மாறிவிடவில்லை. இன்றைய மைக்ரோஎஸ்டியிலும் துடைப்பதென்றால் பெரிய பெரிய துண்டுகளாகத்தான் துடைக்க முடியும். நாம் ‘டெலீட்’ அழுத்தியதும் பெரும்பாலும் விழுவது ஒரு அடையாளம்தான். கல்யாண போட்டோவைத் தவறி அழித்தவர் அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதாமல் கொண்டுவந்தால், மீட்பு மென்பொருள் பல சமயம் அதைத் தேடி எடுத்துக் கொடுப்பது இதனால்தான்.