எண்ணெய் தீர்ந்த இரவு

போர்க்களம். உங்கள் தோளில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்துவிட்டது. ரத்தம் கொட்டுகிறது. ஒரு மூலையில் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். அறுவை வைத்தியர் வருகிறார். ‘அப்பாடா, பிழைத்தோம்’ என்று தலையைத் தூக்கிப் பார்த்தால், அவர் பின்னாலேயே ஓர் ஆள் கொதிக்கிற எண்ணெயை ஏந்திக்கொண்டு வருகிறான்! எதற்கு என்று கேட்கிறீர்களா? உங்கள் காயத்துக்குள் ஊற்றத்தான்!

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குண்டடி பட்டவர்களுக்குச் சிகிச்சை இதுதான். வைத்தியர்கள் ஒன்றும் ராட்சசர்கள் இல்லை. போப் இரண்டாம் ஜூலியஸுக்கே அறுவை வைத்தியராக இருந்த ஜியோவானி த விகோ, ‘துப்பாக்கி மருந்து விஷம். அதை முறிக்க எல்டர் மரத்து எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும்’ என்று புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார். போப்பின் வைத்தியரே சொன்ன பிறகு மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? மயக்க மருந்து வர இன்னும் முந்நூறு வருஷம் பாக்கி என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1537 வாக்கில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் படை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, இத்தாலியின் டூரின் நகரை நோக்கிப் போனது. கூடவே அம்ப்ருவாஸ் பாரே என்ற இளைஞர். வயது இருபத்தேழு இருக்கலாம். டாக்டர் அல்ல, ‘பார்பர் சர்ஜன்’! சவரம், முடிவெட்டு, கட்டியைக் கீறுவது, காலை எடுப்பது எல்லாம் அந்தக் காலத்தில் ஒரே கத்திக்காரரின் வேலை. பட்டம் வாங்கிய டாக்டர்கள் லத்தீனில் பேசுவார்கள், சிறுநீரைக் கண்ணாடிக் குடுவையில் ஆட்டிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ரத்தத்தில் கை வைப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்! பாரேவுக்கு லத்தீன் தெரியாது. பாரிஸின் பெரிய தர்ம ஆஸ்பத்திரியான ஓட்டல்-தியூவில் சில வருஷம் வேலை பார்த்திருந்தார், அவ்வளவுதான். யுத்தம் அவருக்குப் புதுசு.

போன இடத்தில் முதலில் கண்ட காட்சியே குலையை நடுங்கவைத்தது. குதிரையைக் கட்டலாம் என்று ஒரு லாயத்துக்குள் நுழைகிறார். மூன்று சிப்பாய்கள் சுவரில் சாய்ந்து கிடக்கிறார்கள். முகமே இல்லை. கண் தெரியவில்லை, பேச்சில்லை. உடையில் வெடிமருந்து இன்னும் புகைகிறது. ஒரு கிழட்டுச் சிப்பாய் வந்து, ‘இவர்களைப் பிழைக்கவைக்க வழியுண்டா?’ என்று கேட்டான். ‘இல்லை’ என்றார் பாரே. கிழவன் பேசாமல் போய், கோபதாபம் எதுவும் இல்லாமல், மூவரின் கழுத்தையும் பதமாக அறுத்தான்! பாரே பதறிப்போய்த் திட்டினார். ‘எனக்கு இந்தக் கதி வந்தால், இதைச் செய்ய ஒருவனை அனுப்பு என்றுதான் கடவுளிடம் வேண்டுகிறேன்’ என்றான் அவன். வைத்தியனால் ஒன்றும் ஆகாது என்றால் அடுத்தது கத்திதான்... பாரே அந்த வேலையில் கற்ற முதல் பாடம் இப்படி இருந்தது.

பிறகு கோட்டைத் தாக்குதல். காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சீனியர்களைப் பார்த்து பாரேவும் எண்ணெய் ஊற்றினார். ஊற்ற ஊற்ற... எண்ணெய் தீர்ந்துபோயிற்று! என்ன பண்ணுவது? முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்து, மிச்சப் பேருக்குத் தடவிக் கட்டிவிட்டார்.

அன்றைய இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றாத அத்தனை பேரும் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்கள், கொன்றவன் நான்தான் என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடினார். களிம்பு தடவியவர்கள் ராத்திரி ஓரளவு தூங்கியிருந்தார்கள். காயத்தில் வீக்கம் இல்லை, வலியும் அதிகமில்லை. முறைப்படி எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தார்கள். காயத்தைச் சுற்றி வீங்கிப்போயிருந்தது. இனி எவனையும் இப்படிச் சுடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தார்.

அந்தக் களிம்பில் பெரிய மகிமை எதுவும் இருந்திருக்காது. வெடிமருந்து விஷமே இல்லை. சுடாமல் விட்டதே பாதி வைத்தியம்! என்னை அசத்துவது வேறு. 1545-இல் பாரே இதைப் புத்தகமாக எழுதினார். ‘நான் ஆராய்ந்து கண்டுபிடித்தேன்’ என்று மீசையை முறுக்கியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவரோ எண்ணெய் தீர்ந்ததையும், பயந்து விழித்திருந்ததையும் அப்பட்டமாக எழுதினார். அதுவும் பாமர பிரெஞ்சு மொழியில்!

இதற்குள் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் ஒரு சமையல்காரப் பையன் விழுந்துவிட்டான். உப்புப் போட்டு நசுக்கிய பச்சை வெங்காயத்தை வைக்கச் சொன்னாள் ஒரு நாட்டுப்புறக் கிழவி. பாரே உடம்பில் ஓர் இடத்தில் மட்டும் அதை வைத்துப் பார்த்தார். அங்கே மட்டும் கொப்புளம் இல்லை! அடுத்து, வெடிமருந்தில் முகம் வெந்த ஒரு காவலன். பாதி முகத்துக்கு வெங்காயம், மீதிக்கு வழக்கமான மருந்து! (இதைப் படித்துவிட்டு யாரும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். தீக்காயத்துக்கு உடனடி முதலுதவி குழாய்த் தண்ணீர்தான்.)

அதே மனிதர்தான் டூரினில் பேர்பெற்ற ஒரு வைத்தியரின் களிம்பு ரகசியத்துக்காக ரெண்டு வருஷம் பின்னாலேயே அலைந்து, பரிசெல்லாம் கொடுத்தவர். கடைசியில் கிடைத்த ரகசியம்: பிறந்த நாய்க்குட்டிகளை மண்புழுவோடு சேர்த்து லில்லிப்பூ எண்ணெயில் வேகவைப்பது! பாரேவுக்கு ஒரே சந்தோஷம். என்ன இருந்தாலும் பதினாறாம் நூற்றாண்டு ஆசாமி!

கால் எடுத்தால் ரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பார்கள். 1552-இல் தான்வில்லேர் முற்றுகையில் பீரங்கிக் குண்டு ஒரு பிரபுவின் காலைச் சிதைத்தது. பாரே காலை எடுத்துவிட்டு, சூடு போடாமல் ரத்தக்குழாய்களை நூலால் கட்டினார். பிரபு மரக்காலோடு ஊர் திரும்பினார். உடனே எல்லோரும் பின்பற்றிவிடவில்லை. ரத்தத்தை நிறுத்திவைக்க நல்ல திருகுக்கட்டு பதினெட்டாம் நூற்றாண்டில் வரும் வரை, பலர் கையில் சூட்டுக்கோல்தான்.

நான்கு பிரெஞ்சு மன்னர்களுக்கு பாரே அறுவை வைத்தியரானார். 1575-இல் தன் எழுத்துகளை மொத்தமாகத் தொகுத்து வெளியிட்டபோது, பாரிஸ் மருத்துவத் துறைப் பேராசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். லத்தீன் தெரியாத ஒரு பார்பர் மருத்துவம் எழுதுவதா, அதைத் தடுக்க வேண்டாமா என்று! பாரே அசையவில்லை. 1582-இல் அவருடைய சீடர் கியமோ அதை லத்தீனில் கொண்டுவந்தார். பிரெஞ்சு தெரியாத ஐரோப்பிய டாக்டர்களும், எண்ணெய் தீர்ந்த அந்த இரவைப் பற்றித் தங்கள் லத்தீனிலேயே படித்துக்கொண்டார்கள்.