தீவைக் கடந்த கைத்திறன்



1291-இல் வெனிஸ் அரசு, நகரம் தீப்பற்றுமோ என அஞ்சிக் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. காலப்போக்கில் அத்தீவே தொழில் இரகசியத்தின் காவலாயிற்று. கைவினைஞர் தம் கலையை அயல்நாட்டுக்குக் கொண்டுசெல்வதைச் சட்டம் தடுத்தது. நுணுக்கங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து சீடனுக்கும் தீவுக்குள்ளேயே கைமாறின.

1968-இல் டேல் சிஹூலி என்னும் அமெரிக்க இளைஞர் முரானோவின் வெனினி பட்டறைக்குச் சென்றார். ஒருவர் ஊத, ஒருவர் உருட்ட, பலர் ஒரே உடலாக உழைப்பதை அங்கே கண்டார். 1971-இல், ஜான் ஹாபெர்க், ஆன் ஹாபெர்க் தம்பதியரின் ஆதரவுடன், சியாட்டிலுக்கு வடக்கே அவர்களுடைய மரப்பண்ணையில் பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கினார். முதற்கோடையில் மாணவரும் ஆசிரியரும் மழையில் கூடாரமிட்டுத் தங்கி, தங்கள் கைகளாலேயே உலையைக் கட்டினர்.

ஆர்வம் மிகுதியாயிருந்தது; பழுத்த பயிற்சியோ குறைவு. 1979-இல் முரானோவின் ஆசான் லீனோ தலியாபியெத்ரா அங்கு வந்து, தம் தீவு காத்துவந்த நுட்பங்களை மறைக்காமல் கற்பித்தார். ஊரில் சிலர் அதைத் துரோகமென்றே கருதினர். ஆனால் கொடுத்ததனால் அவர் கை வெறுமையாகவில்லை. மரபின் கட்டுகளை அறியாத மாணவரிடையே புதிய வடிவங்களைத் துணிந்து முயல அவரும் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

பிரியமானவர்களே, தையலோ தச்சோ இசையோ சமையலோ, நம் மூத்தோர் பலரிடம் ஒரு திறன் உண்டு. இவ்வாரம் எந்த இளையவரை நம் அருகில் அமர்த்தி அதைக் கற்பிக்கப்போகிறோம்?