மச்சுப் பலகை ஏன் கிரீச்சிடுது?

எங்க வீட்டு மச்சு சித்திரையில கத்தும், ஆடியில வாயை மூடிக்கும். தென்காசிப் பக்கம் சாரல் விழுற ஊர் எங்களுது. நகரத்துல இருக்கிற உங்கள்ல பல பேர் மரத்தளத்துல நடந்தே இருக்க மாட்டீங்க. கால் வச்சா "கிரீச்". அடுத்த பலகை வேற ராகம்.

போன சித்திரையில பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தாங்க. சென்னையில இருக்கிற சித்தப்பா மகன் மச்சு ஏறி இறங்கிட்டுச் சொன்னான்: "அண்ணே, இது இத்துப் போச்சு. பலகையைப் பழைய மர யாவாரிகிட்ட போட்டுட்டு கான்கிரீட் போட்டிரலாம்." வீடு மூணு பங்கு. ரெண்டு பங்கு அதுக்குத் தலையாட்டிருச்சு. நான் ஒரு மாசம் தவணை கேட்டேன்.

நிலைப்படியில 1927-ன்னு செதுக்கியிருக்கும். "அத்தனையும் பர்மாத் தேக்கு"ன்னு அம்மா பெருமையாச் சொல்லுவாங்க. அந்தக் காலத்துல அது பெரிய கௌரவம். 1852-லயும் 1885-லயும் நடந்த போர்கள்ல ஆங்கிலேயர் பர்மாவைப் பிடிச்சதும், அங்கத்துத் தேக்கு கடல் தாண்டி வர்றது பெருகுச்சு. பச்சைத் தேக்கு தண்ணியில மிதக்காது. அதனால அடிமரத்தைச் சுத்திப் பட்டையை வெட்டி, நின்ன நிலையிலேயே ரெண்டு மூணு வருஷம் காயவிட்டு, அப்புறம்தான் சாய்ச்சு ஐராவதி ஆத்துல மிதக்கவிடுவாங்க. 1942-ல ஜப்பான்காரங்க ரங்கூனைப் பிடிச்சதோட அந்த வரத்து நின்னு போச்சு.

ஆனா நான் கூட்டிட்டு வந்த வயசான ஆசாரி, பலகையை நகத்தால சுரண்டிப் பார்த்துச் சிரிச்சிட்டார். "உத்திரம் தேக்குதான் தம்பி. பலகை பூரா அயனி. மலையில இருந்து வந்தது." யோசிச்சா அதுவும் சரிதான். பக்கத்துச் செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர். கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதை 1904-லேயே வந்திருச்சு. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் காடு. ரங்கூனுக்குப் போவானேன்?

"அப்போ ஏன் கத்துது?"ன்னு கேட்டேன். பதில் எங்க விவசாயத்துலயே இருந்துச்சு.

மச்சு ஆள் படுக்கக் கட்டினது இல்ல, நெல்லு போட. ரெண்டு போகத்து மூட்டையும் விலை வர்ற வரைக்கும் மேலேயே கிடக்கும். பாரத்துல பலகை உத்திரத்தோட அமுங்கியே இருந்துச்சு. 1965 ஜனவரி 14-ல இந்திய உணவுக் கழகம் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூர்ல திறந்தது. அடுத்த வருஷம் ஐ.ஆர்.8 வந்தது. 1972-ல தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். கொஞ்சம் கொஞ்சமா நெல்லு வீட்டுக்கு வர்றதே நின்னுச்சு. இப்போ அறுவடை மிஷின்ல இருந்து நேரே லாரி. பாரம் போனதும் அமுங்கின உத்திரத்துக்கும் பலகைக்கும் நடுவுல நூல் அளவு சந்து விழுந்தது. கோடையில மரம் சுருங்கும்போது அது இன்னும் விரியும். கால் வச்சா பலகை பட்டறை ஆணியில உரசி ஏறி இறங்கும். அதுதான் சத்தம். சாரல்ல மரம் ஊறி, சந்து அடைபட்டுச் சத்தம் அடங்கிரும்.

"சத்தத்தை வச்சி மரத்தை முடிவு பண்ணக் கூடாது தம்பி. தட்டிப் பாக்கணும்"னார் ஆசாரி. நான் மேல நடக்க, அவர் கீழ நின்னு சுண்ணாம்புக் கட்டியால குறி போட்டார். சந்து இருந்த இடத்துல மெல்லிசா மர ஆப்பு செருகினார். அடிச்சு இறுக்கல, இறுக்கினா பலகை தூக்கிக்கிட்டு அடுத்த இடம் கத்துமாம். ஆட்டம் கண்ட ஆணிக்குப் பக்கத்துல முதல்ல துளை போட்டு அப்புறம் திருகாணி. துளை போடாம முறுக்கினா பழைய மரம் பிளந்துக்கும். ரெண்டு பலகை உரசுற இடத்துல முகப்பவுடரைத் தூவினார். அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். சந்தை சிமெண்டால அடைக்கவே கூடாதுன்னார், மழையில பலகை ஊற இடம் வேணும்.

கடைசியில ஒரு உத்திரத்தைத் தட்டினார். "தொப்"புன்னுச்சு. சுவருக்குள்ள போற முனை, ஓட்டு ஒழுகல்ல ஊறி உளுத்திருந்தது. கவனிச்சீங்களா, அந்த இடத்துல ஒரு நாளும் சத்தம் வந்ததில்ல. கத்தின பலகை எல்லாம் திடமா இருந்துச்சு. கத்தாத உத்திரம்தான் ஆளை விழத் தட்டியிருக்கும். முனையை வெட்டிட்டுப் பழைய தேக்குத் துண்டு இணைச்சு, கீழ ஒரு தூண் கொடுத்தோம். ஓட்டையும் மாத்தியாச்சு.

செலவுக் கணக்கைப் பங்காளிகளுக்கு அனுப்பினேன். ஒரு பங்கு சரின்னுருச்சு. சித்தப்பா மகன் இன்னும் பதில் போடல. தைக்கு வர்றான். இந்த வருஷம் விதை நெல்லு பத்து மூட்டையை மச்சுல ஏத்தி வச்சிருக்கேன். வந்து நடந்து பார்த்துட்டுச் சொல்லட்டும்.