நூலகமும் தோட்டத்து எல்லையும்

ஒரு சமுதாயத்தில் அறிவு யாருக்கு உரியது என்பதை அறிய, அதன் நூலகங்களின் வரலாற்றை நோக்கினாற் போதும். அரண்மனைகளிலும் மடங்களிலும் ஏடுகள் அடைபட்டுக் கிடந்த காலம் ஒன்று. சந்தா செலுத்த வல்லோர் மட்டும் கூடி வாசித்த காலம் மற்றொன்று. பொதுப் பணத்தில் நூல் வாங்கி, எவருக்கும் கட்டணமின்றி வழங்குவது என்னும் கருத்து மிகப் பிந்தியதாகும். பிரித்தானியாவில் 1850இல் பொது நூலகச் சட்டம் விவாதிக்கப்பட்டபொழுது, உழைப்பாளர் கூடி வாசித்தால் கிளர்ச்சியே விளையும் எனப் பாராளுமன்றத்தில் அஞ்சியோர் இருந்தனர். நூலகத்தின் ஆற்றலுக்கு அவ்வச்சமே சான்று.

தமிழகத்தில் இக்கருத்தை நிலைநாட்ட வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். நூல் பூட்டிக் காப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பதை அடிப்படையாகக் கொண்டு நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் அவர் வகுத்தார். அதே ஆண்டில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூல்களைச் சுமந்து சுற்றுக் கிராமங்களுக்குப் புறப்பட்டது. வாசகன் வரட்டும் என்று காத்திராது வாசகனைத் தேடிச் சென்ற நூலகம் அது. இம்முயற்சிகளின் பயனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து அறவிடப்பட்டது. நூலகம் கொடையாளியின் கருணையினின்று விடுபட்டு மக்களின் உரிமையாயிற்று.

அதே 1948இல் இலங்கையில் நிகழ்ந்தது என்ன? திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் றப்பருக்குமாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அங்கே நூலகம் உரிமையான ஆண்டில், இங்கே உரிமை கேட்கும் தகுதியே பறிபோயிற்று.

குடியுரிமை படிப்படியாக மீண்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் வழி திறந்தது. ஆயினும் நூலகம் தோட்டத்தினுள் நுழையவில்லை. இந்நாட்டில் பொது நூலகங்களை நடத்துவன உள்ளூராட்சி மன்றங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தினது 33ஆம் பிரிவோ, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக விளங்கியது. தொழிலாளி வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்யலாம். அச்சபை அவன் லயத்துக்கு ஒரு பாதையேனும் போட இயலாது. பாதைக்கே இந்நிலையெனின் வாசிகசாலையை யார் நினைப்பர்? இத்தடை நீங்கியது 2018இற்றான்.

நூலகம் அமைந்த இடத்திலும் அதற்குக் காவல் இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவுக்கும் மறுநாளுக்கும் இடையே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மறுபடி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் அறிவை ஒரே இரவில் அழித்துவிடலாம் என்பதை அந்நெருப்பு தமிழருக்குக் கற்பித்தது.

அப்பாடத்துக்கு இணையம் ஒரு விடை தந்தது. தமிழ் இலக்கியங்களைத் தொண்டர்களே தட்டெழுதி வெளியிடும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கிற்று. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காக்கும் ‘நூலகம்’ 2005இல் எழுந்தது. மலையக எழுத்தாளர் பலரின் நூல்களும் இன்று அங்கே விலையின்றிக் கிடைக்கின்றன. மேலவாசல் வண்டி செல்லாத இடமெல்லாம் இவ்வண்டி செல்லும். தோட்டத்து எல்லைக் கம்பி இதனைத் தடுக்காது.

தடுக்காது என்றா சொன்னோம்? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறின. கஹவத்தைப் பகுதித் தோட்டமொன்றில் என் மாணவி ஒருத்தி, தந்தை வேலை முடித்து வரும்வரை காத்திருந்து, வீட்டின் ஒரே தொலைபேசியை வாங்கிக்கொண்டு, அலைவரிசை கிட்டும் மேட்டுக்கு ஏறுவாள். ஒருநாள் பாடம் பாதியிலே அறுந்தது. மறுநாள் காரணம் கேட்டேன். “டேட்டா முடிஞ்சிருச்சு சேர், சம்பளம் வந்தாத்தான் போடலாம்” என்றாள். பாடமும் நூலும் இலவசமே. அவற்றிடம் போய்ச்சேரும் வழிக்குத்தான் சுங்கம். சந்தா நூலகத்தின் பழைய கதவு வேறு உருவில் மீண்டும் மூடிக்கொண்டது.

இக்கதவு ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. அச்சு நூலை ஒருமுறை வாங்கிய நூலகம், அது கிழியும்வரை இரவல் வழங்கலாம். மின்னூலுக்கோ, 26 தடவை இரவல் கொடுத்ததும் உரிமை தீர்ந்துவிடும் என்று அமெரிக்கப் பெரும் பதிப்பகமொன்று 2011இல் நூலகங்களுக்கு நிபந்தனை விதித்தது. நூல் வடிவம் மாறும்பொழுது உடைமை உறவும் மாறுகின்றது. மாறும் திசையைச் சந்தையிடம் விட்டுவிட்டால், பொது நூலகம் மீண்டும் தனியார் கூடமாகும்.

ஆகவே, அச்சா எண்ணிமமா என்ற வாதத்திற் காலம் கழிப்பது வீண். இரண்டும் யாருடைய பணத்தில், யாருக்காக என்பதே வினா. 2018இல் திறந்த சட்டக் கதவினூடே ஆசிரியரும் மாணவரும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து நுழைதல் வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் பிரதேச சபை நடத்தும் வாசிகசாலை, அதிலே தமிழ் நூல்கள், கட்டணமற்ற இணைய இணைப்பு, ஊதியம் பெறும் நூலகர் ஒருவர்: நமது கோரிக்கை இவ்வளவே. சப்ரகமுவ மாகாணத்தில் நாம் சிறு தொகையினர். ஆயின் அயற் கிராமத்தில் றப்பர் பால் வெட்டும் சிங்களத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே சுங்கம் தடையாக நிற்கின்றது. இரு மொழி நூல்களும் அருகருகே இருக்கும் அறை, நூலகத்தை எரித்த பகைமைக்கும் ஒரு மறுமொழியாகும்.

அம்மாணவி மேட்டில் ஏறி நின்று தேடியது சலுகையன்று. 1948இல் அவள் முன்னோருக்கு மறுக்கப்பட்ட உரிமையையே. அதனை அவள் லயத்து வாசலுக்குக் கொண்டுவருதல் நம் கடன்.