லுரோனியம்

ஐரோப்பாவுக்கு வெளியே சுதேசமாக எங்கும் வளராததும், அங்குங்கூட வரவர அருகி வருவதுமான ஒரு நீர்ப்பூண்டு. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதனை அலிஸ்மா என்னும் ஜாதியில் வைத்தார். ராஃபினெஸ்க் 1840-இல் தனி ஜாதியாக்கினார். லுரோனியம் நேட்டன்ஸ் என்னும் இவ்வோர் இனமே அந்த ஜாதி முழுதும்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், நீண்ட காம்பின் நுனியில் மூன்று வெண்ணிற இதழ்களும், அவற்றின் அடியில் மஞ்சள் நிறமுமாக, 12 முதல் 18 மி.மீ. அகலமுள்ள புஷ்பம் நீர்மட்டத்தில் மலரும். ஆயினும் புஷ்பத்தை மட்டும் நம்பித் தீர்மானிப்பவர் ஏமாறுவர். ஏனெனில், மூன்று வெண்ணிதழ்களும் மஞ்சள் அடியும் ஹைட்ரோகாரிஸ் என்னும் மிதவைப் பூண்டுக்கும் உண்டு. அதன் இலை வட்டமாய், அடியில் பிளவுற்றிருக்க, லுரோனியத்தின் மிதக்கும் இலையோ நுனி மழுங்கிய சிறு நீள்வட்டமாக இருக்கும். நெருங்கிய உறவான பால்டெல்லியாவைப் பிரித்தறியக் கண்ணைவிட நாசியே உதவும்: அதன் இலையைக் கசக்கினால் கொத்தமல்லி மணம் வீசும்.

ஆழமான நீரிலோ மிதக்கும் இலையும் மலரும் இன்றி, நாடா போன்ற வெளிறிய இலைக்கொத்தாக மட்டுமே அடியில் கிடப்பதால், ஆராய்ச்சியாளர் பலகாலும் இதனைக் காணாமலே கடந்துவிடுவர். மூழ்கிய மொட்டுக்கள் விரியாமலே தம் மகரந்தத்தால் கருவுறுதலும், ஓடுதண்டுகள் அறுந்து மிதந்து சென்று வேரூன்றுதலும் இதற்கு இயல்பு.

பிரிட்டனில், வேல்ஸ் நாட்டு மலைகளின் தெளிந்த, சத்துக் குறைந்த ஏரிகள் இதன் பூர்வீக வாசஸ்தலம். பிற்காலத்தில் சரக்குப் படகுகளுக்காக மனிதர் வெட்டிய கால்வாய்களிலும் இது குடியேறியது. அவற்றுள் மான்ட்கோமரி, ராச்டேல் கால்வாய்கள் குறிப்பிடத்தக்கவை. படகுகள் மிகுந்தால் நீர் கலங்கி இது நசிக்கும். அடியோடு நின்றாலோ உயரமான கோரையும் நாணலும் அடர்ந்து இதனை மூடிவிடும். ஆகவே மிதமான போக்குவரத்தே இதற்கு உகந்தது என்பது விசித்திரமான உண்மை. மான்ட்கோமரி கால்வாய் 1936-இல் கரை உடைந்து, 1944-இல் கைவிடப்பட்டபின், அந்த அமைதியில் இப்பூண்டு பெருகிற்று. 1969 முதல் அதனைப் புதுப்பிக்க முற்பட்டவர்களுக்கும் தாவரப் பாதுகாப்பை வேண்டியவர்களுக்கும் இதனால் விவாதம் மூண்டதில் வியப்பில்லை. கால்வாயை ஒட்டித் தனிக் குளங்கள் வெட்டி இதற்கு இடமளிப்பது அதற்குக் கண்ட சமாதானங்களுள் ஒன்று. பிரிட்டிஷ் சட்டமும் ஐரோப்பிய வாசஸ்தலச் சட்டமும் இதற்குப் பாதுகாப்பளிக்கின்றன.