தாரோகாவும் தானவனும்

துப்பறியும் கதையை இலக்கியமெனக் கொள்ளத் தயங்குவோர் நம்மிடையே பலர். அவர்கள் நாம் குடியேறி வாழும் இந்நகரின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும். 1868-இல் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் ரோஸ் பிரவுன் என்னும் பெண் கொலையுண்டாள். அவ்வாண்டே கல்கத்தாக் காவல்துறையில் துப்பறியும் பிரிவு தோன்றிற்று. பின்னாளில் அப்பிரிவில் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாயர், தாம் கண்ட வழக்குகளை 1892 முதல் ‘தாரோகார் தப்தர்’ என்னும் வரிசையாக வங்கமொழியில் எழுதி வெளியிட்டார். ஆசிரியரே மெய்யான காவலதிகாரி என்பதே இதன் தனிச்சிறப்பு.

தமிழும் பின்தங்கிவிடவில்லை. ஈராண்டு கழித்து, 1894-இல், நாட்டார் கதைகளைத் தொகுத்த பண்டித நடேச சாஸ்திரியார் ‘தானவன்’ என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். தானவன் கற்பனைப் பாத்திரம்; ஆதலின், உண்மையின் கனம் தாரோகாவின் பக்கமே என்பது எம் கருத்து. மறுப்போரும் இருக்கலாம். இரண்டையும் மூலமொழியிலேயே படித்துத் தீர்ப்புக் கூறும் பேறு, இங்கேயே பிறந்து இருமொழியும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. தமிழெழுத்தை அவர்கள் மறவாதிருந்தால்.